பூனைக்குட்டிக்குப் பால் ஊத்தாதீங்க சாமி

நாலு பேர் கோவிச்சுக்குவாங்கன்னு தெரிஞ்சேதான் இதை எழுதுறேன். பூனைக்குட்டிக்குப் பசும்பால் ஊத்தாதீங்க. பால்சோறு பிசைஞ்சு வைக்காதீங்க. மீன் கொழம்பு ஊத்துன சோறும் வேண்டாம். "எலி பிடிச்சுத் தின்னு வளரட்டும்"னு பட்டினியும் போடாதீங்க. நம்ம பக்கத்துல பூனை வளர்க்கிறதுன்னா இந்த நாலுதான். இந்த நாலுலயும் குட்டிக சாகுது. செத்ததும் "பூனை ஆயுசு அவ்வளவுதான்"னு சொல்லிக் குப்பைக்குழியில போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுறோம்.

பூனைக்கெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க. ரெண்டு ஏக்கர்ல வெங்காயமும் மக்காச்சோளமும் போடுறவன் நான். எலி எவ்வளவு திங்குதுன்னு எனக்குத் தெரியும். தின்னுறதை விட கடிச்சுப் போடுறதுதான் சாஸ்தி. சொட்டுநீர்க் குழாயைக் கடிக்கும், சாக்கைக் கடிக்கும், மோட்டார் ரூம் ஒயரைக் கடிக்கும். மனுசனுக்கும் பூனைக்கும் சிநேகம் உண்டானதே தானியத்தாலதான். சைப்ரஸ் தீவுல ஒரு மனுசனையும் ஒரு பூனையையும் பக்கத்துல பக்கத்துல புதைச்ச குழி கிடைச்சுது, 9,500 வருசம் பழசுன்னு 2004-ல சொன்னாங்க. விவசாயம் ஆரம்பிச்ச காலம் அது. களத்துல தானியம் சேர்ந்துச்சு, எலி வந்துச்சு, எலி பின்னாடியே பூனை வந்துச்சு. அப்படி வந்த பூனைக்கு நாம இன்னைக்கு என்ன போடுறோம்னு ஒரு சம்சாரி யோசிச்சா தப்பில்லையே.

போன மாசம் எங்க தெருவுல ஒரு தாய்ப்பூனை லாரியில அடிபட்டுப் போச்சு. நாலு குட்டி. பல்லு முளைச்சு, அஞ்சு வாரம் இருக்கும், தத்தித் தத்தி ஓடுற பருவம். பக்கத்து வீட்டு மதினி நல்ல மனசுக்காரி. எடுத்து அட்டைப்பெட்டியில வச்சு, கறந்த பாலை அப்படியே ஒரு சட்டியில ஊத்தி வச்சுட்டா. குட்டிக குடிச்சுதுக. மறுநாளே வெளிக்கிப் போக ஆரம்பிச்சுதுக. தண்ணியாப் போகுது. "மதினி, பாலை நிறுத்து, ரெண்டு முட்டையை வேக வச்சுக் குடு, ஈரல் வாங்கிக் குடு"ன்னேன். "சின்னஞ்சிறுசுக்குக் கறியா? செரிக்குமா தம்பி? பால் குடிக்கிற பருவம்ல"ன்னா. வயிறு போகுதுன்னு இன்னும் ரெண்டு கரண்டி சேர்த்து ஊத்துனா. அஞ்சு நாள்ல மூணு போச்சு. "கண்ணு பட்டுருச்சு"ன்னு சொல்றா. நாலாவதை நான் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

மதினியைக் குறை சொல்லி என்ன பண்றது? பூனைன்னா பால்னு நம்ம மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க. ரெண்டாங் கிளாஸ் புத்தகத்துப் படத்துல இருந்து காலண்டர் படம் வரைக்கும் பூனை முன்னாடி பால் கிண்ணம்தான். கம்பர் கூட ராமாயணத்துக்கு முன்னுரை சொல்லும்போது, பாற்கடலைக் கண்டு மொத்தத்தையும் நக்கிக் குடிச்சுடலாம்னு போன பூனை மாதிரி நான் கிளம்பிட்டேன்னு தன்னடக்கமாச் சொல்றார். அது கவி. பூனை பாலைத் தேடிப் போகும்கிறது உண்மை. கொழுப்பு வாசம் அதுக்குப் பிடிக்கும். பிடிக்கிறது எல்லாம் ஒத்துக்கும்னு யார் சொன்னா? எங்க ஊர்ல பிராந்தி பிடிச்சவன் எத்தனை பேர் இருக்கான்.

விசயம் இதுதான். பால்ல ஒரு சர்க்கரை இருக்கு, லாக்டோஸ்னு பேரு. பசும்பால்ல நூத்துக்கு ஏறக்குறைய அஞ்சு பங்கு. தாய்கிட்ட குடிக்கிற வயசுல குட்டி வயித்துல அதைச் செரிக்கிற சக்தி இருக்கும். பல்லு முளைச்சுக் கறிக்கு மாறுற வயசுல இருந்து அந்தச் சக்தி குறைஞ்சுக்கிட்டே வரும். செரிக்காத சர்க்கரை குடல்ல தண்ணியை இழுத்துக்கிட்டு அப்படியே வெளியே வரும். 400 கிராம் இருக்கிற குட்டிக்கு 40 கிராம் தண்ணி வெளியே போனா, உடம்புல பத்துல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம். 60 கிலோ ஆளுக்கு ஒரே நாள்ல 6 லிட்டர் போற கணக்கு. தாங்குமா?

சரி, வயிறே போகலைன்னு வச்சுக்குவோம், அப்பவும் பால் பத்தாது. கன்னுக்குட்டிக்குன்னு படைச்ச பால் அது. பூனைத் தாய்ப்பால்ல புரதம் பசும்பாலை விட ரெண்டு பங்கு. பிறக்கும்போது 100 கிராம் இருக்கிற பூனைக்குட்டி ஒரே வாரத்துல ரெண்டு மடங்கு ஆகணும். கன்னுக்குட்டி ஒரு வாரத்துல ரெண்டு மடங்கா ஆகுது? மாட்டுக்காரனுக்குச் சொல்லித் தரணுமா இதை? பாலும் சோறும் தின்ன குட்டிக்கு வயிறு மட்டும் பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு தெரியும். "நல்லாத் தின்னுது, உடம்பு மட்டும் பிடிக்கலை"ன்னு சொல்லுவாங்க. எங்கிருந்து பிடிக்கும்? அந்த உப்புன வயித்துல பாதிக்கு மேல பூச்சியா இருக்கும், அது தனிக் கதை. கால்நடை ஆஸ்பத்திரியில பூச்சி மருந்து கேட்டா எடை பார்த்துக் கொடுப்பாங்க, வாங்கிக் குடுங்க.

தெனாலிராமன் கதை எல்லாருக்கும் தெரியும். ஊர்ல எலி பெருகிப் போச்சுன்னு ராஜா வீட்டுக்கு ஒரு பூனை குடுத்தாராம். பூனை பால் குடிக்க வீட்டுக்கு ஒரு பசுவும் குடுத்தாராம். ராமன் முதல் நாளே கொதிக்கிற பாலை வச்சான். வாய் வெந்துபோன பூனை அதுக்கப்புறம் பாலைக் கண்டா ஓடுச்சு. பசும்பாலை ராமன் குடும்பமே குடிச்சுது. சின்னப்பிள்ளையில இதைக் கேட்டுச் சிரிச்சோம். இப்ப யோசிச்சா எனக்கு ராஜா மேலதான் சிரிப்பு வருது. எலி பிடிக்கப் பூனை குடுத்தவர், அதுக்கு எதுக்குய்யா பசு? மத்த வீட்டுப் பூனையெல்லாம் பாலைக் குடிச்சுக் கொழுத்துத் தூங்கியிருக்கும். ராமன் வாயைப் பொசுக்குனது பாவம்தான், அதை யாரும் செஞ்சு பார்க்காதீங்க.

அடுத்தது பட்டினிக் கட்சி. இவங்கதான் எங்க காட்டுப் பக்கம் அதிகம். "சோறு போட்டா எலி பிடிக்காதுப்பா. வயிறு காஞ்சாத்தான் வேட்டைக்குப் போகும்." இதை விடப் பொய் ஒண்ணு கிடையாது. பூனை வேட்டையாடுறது பசிக்கு மட்டும் இல்லை. வயிறு நிறைஞ்ச பூனையும் எலி ஓடுனா பாயும், பிடிக்கும், திங்காமக் கொண்டுவந்து வாசல்ல போடும். பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. சக்தி இருக்கிற பூனைதான் ராத்திரி முழுக்க வரப்புல காவல் இருக்கும். நோஞ்சான் பூனை அடுப்படியில சுருண்டு கிடக்கும். உழவு மாட்டுக்குத் தீனி போடாம "பசிச்சா உழும்"னு யாராவது சொல்றோமா?

குட்டி விசயத்துல இது இன்னும் மோசம். வேட்டை தானா வர்றது பாதி, தாய் பழக்குறது பாதி. நாலு அஞ்சு வாரத்துல இருந்து தாய் செத்த எலியை முதல்ல கொண்டாந்து போடும், அப்புறம் குத்துயிரா இருக்கிறதைக் கொண்டாந்து விடும். தாய் இல்லாத குட்டியைத் தூக்கிக் களத்துல விட்டுட்டு "பிடி"ன்னா என்னத்தைப் பிடிக்கும்? நம்ம பக்கத்துப் பெருச்சாளி ஒரு குட்டியை விடப் பெருசு. அதுதான் இதைக் கடிக்கும்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, சம்சாரிக கவனிச்சுப் படிங்க. கதிர் பிடிக்கிற நேரத்துல அவனவன் எலி மருந்து வைக்கிறான். ஜிங்க் பாஸ்பைடைப் பொரியில கலந்து வைக்கிறவன் உண்டு, புரோமடியோலோன் கேக் வாங்கி வளைக்கு வளை வைக்கிறவன் உண்டு. கேக் தின்ன எலி உடனே சாகாது. நாலஞ்சு நாள் தள்ளாடிக்கிட்டுத் திரியும், உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுதான் சாகும். பட்டினி கிடக்கிற பூனைக்கு எது சுலபமாக் கிடைக்கும்? தள்ளாடுற அந்த எலிதான். அதைத் தின்ன பூனையும் சில நாள் கழிச்சு மூக்குல வாயில ரத்தம் வந்து விழும். வைட்டமின் கே1 ஊசி சீக்கிரம் போட்டாப் பிழைக்கலாம், ஆனா எவன் அந்த நேரத்துல பூனையைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுறான்? இதே மாதிரி ஆந்தையும் சாகுது, சாரைப்பாம்பும் சாகுது. எலி மட்டும் மூணே வாரத்துல அடுத்த ஈத்துப் போட்டு வந்து நிக்குது. ஒரு பக்கம் பூனையைப் பட்டினி போட்டு, இன்னொரு பக்கம் மருந்தும் வச்சு, கடைசியில "இப்பல்லாம் பூனையே இல்லைப்பா, எலி தாங்க முடியலை"ன்னு டீக்கடையில உக்காந்து பொலம்புறோம். மருந்து வைக்கிறவன் வைக்கட்டும், அவனவன் வயித்துப்பாடு. செத்த எலியைக் காலையில பொறுக்கிப் புதைக்கிற வேலையையாவது செய்யலாம்.

கொழம்புச் சோத்துக்கு வர்றேன். நான் சின்ன வெங்காயம் போட்டுத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அனுப்புறவன், என் வாயாலயே சொல்றேன்: வெங்காயம் பூனைக்கு விஷம். பச்சையானாலும் விஷம், வதக்கினாலும் விஷம், கொழம்புல கரைஞ்சாலும் விஷம். பூண்டு அதை விட ஒரு படி மேல. ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுவை உடைச்சிரும். ஒரு நாள் நக்குனதும் செத்துராது. தினம் தினம் கொழம்புச் சோறு தின்ன குட்டிக்கு ஈறு வெளுத்துக்கிட்டே வரும், சோம்பிப் படுக்கும், மூச்சு வாங்கும். நாம என்ன நினைக்கிறோம்? வெயிலுக்குப் படுத்திருக்குன்னு நினைக்கிறோம். மீன் கொழம்புல எத்தனை வெங்காயம், எத்தனை பூண்டு போடுறோம்னு உங்க வீட்டு அம்மணியைக் கேளுங்க. பிரியாணி மிச்சத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம். எங்க ஊர்ல பிரியாணிக்கா பஞ்சம்? கடை வாசல்ல நிக்கிற குட்டிக்கு மசாலா ஒட்டுன எலும்பை வீசுறதைப் புண்ணியம்னு நினைக்கிறாங்க. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி சிலாம்பு சிலாம்பா உடையும். தொண்டையில குத்தினா முடிஞ்சுது. கருவாடும் அப்படித்தான், வாசத்துக்கு ஓடி வரும், ஆனா அதுல இருக்கிற உப்பு மனுசனுக்கே அதிகம்.

இவ்வளவு வேண்டாம்னு சொல்றியே, அப்ப என்னதான் போடுறது? அதைத்தான் சொல்ல வந்தேன், அது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. பூனை எதைத் தின்னு 9,500 வருசம் நம்மகூட வாழ்ந்துச்சோ அது மாதிரி போடணும். எலியை எடுத்துக்குங்க. சதை இருக்கு, ஈரல் இருக்கு, இருதயம் இருக்கு, எலும்பு இருக்கு, தண்ணி இருக்கு. அரிசி இல்லை. அந்தக் கணக்கைச் சட்டிக்குள்ள கொண்டு வரணும், அவ்வளவுதான்.

நாகல் நகர் சந்தைக்குக் காய் கொண்டுபோற அன்னைக்கு வர்ற வழியில கோழிக்கடையில நிப்பேன். கறி கொஞ்சம், இருதயம் கிடைக்கிற அளவு, ஈரல் ஒரு துண்டு. எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. அதுல ஈரல் 30, 40 கிராமுக்கு மேல வேண்டாம். ஈரல் நல்லதுதான்னு தினமும் ஈரலாவே போட்டா அதுல இருக்கிற வைட்டமின் ஏ ஏறி எலும்பைக் கெடுக்கும். இருதயத்தை விட்டுராதீங்க, பூனைக்கு அதுதான் முக்கியம், ஏன்னு அப்புறம் சொல்றேன். எலும்பை எடுத்துட்டுக் கறி மூழ்குற அளவு மட்டும் தண்ணி ஊத்தி, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம வேக வைக்கணும். ஒரு முட்டையையும் தனியா அவிச்சுக்கணும். வெந்ததை அம்மியில ஒரு இழுப்பு இழுத்து, முட்டையை நசுக்கிப் போட்டு, வெந்த தண்ணியையும் அதுலயே ஊத்திப் பிசையணும். அந்தத் தண்ணியைக் கீழ கொட்டிராதீங்க. சத்துல பாதி அதுலதான் இறங்கியிருக்கும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. வெறும் கறி மட்டும் தின்னு வளர்ற குட்டிக்கு எலும்பு மெலிஞ்சு, திண்ணையில இருந்து குதிச்சாலே கால் ஒடியும். கறியில பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் ஒண்ணும் இல்லை, அதான் காரணம். இதுக்குக் காசு செலவு பண்ண வேண்டாம். முட்டை ஓட்டைக் கழுவி, வெயில்ல காய வச்சு, வாணலியில லேசா வறுத்து, மிக்ஸியில மாவா அரைச்சு டப்பாவுல வச்சுக்கணும். அரைக் கிலோ கறிக்குத் தலை தட்டுன டீஸ்பூன் ஒண்ணு. நறநறன்னு இல்லாம நல்ல மாவா இருக்கணும். கோழிக் கழுத்து வாங்குறவங்க குக்கர்ல முக்கால் மணி நேரத்துக்குக் குறையாம வச்சா எலும்பு விரல்ல நசுங்கும். எல்லாத்தையும் நசுக்கிப் பார்த்து, கடினமா இருக்கிறதைப் பொறுக்கிப் போட்டுட்டு மத்ததைப் பிசைஞ்சு குடுக்கலாம், அப்ப ஓட்டு மாவு வேண்டாம்.

வாரத்துல ரெண்டு நாள் மீன். மத்தி வந்தா மத்தி, இல்லைன்னா டேம் ஜிலேபி. வேக வச்சுத்தான் குடுக்கணும். பச்சை மீனைத் தினம் தின்னா சில மீன்ல இருக்கிற ஒரு பொருள் பி1 வைட்டமினை அழிச்சு, குட்டி தலை சாஞ்சு சுத்தும், வலிப்பு வரும். வேக வச்சா அது போயிடும். மீனையே ஏழு நாளும் போடுறதும் ஆகாது, கறியும் மீனும் மாத்தி மாத்திப் போடுங்க.

சோறு? வேணும்னா குழைய வெந்த சோறு ஒரு பிடி, பத்துல ஒரு பங்கு. அது பூனைக்காக இல்லை, உங்க பர்ஸுக்காக. அதுக்கு மேல போச்சுன்னா வயிறு நிறையும், உடம்பு நிறையாது.

நாலு வாரத்துல இருந்து இதைக் கூழ் மாதிரி கரைச்சு விரல் நுனியில தொட்டு மூக்குகிட்ட காட்டணும். தானா நக்கும். வாயைத் திறந்து திணிக்காதீங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமா, வெதுவெதுன்னு. ஒரு கிலோ எடை வந்த குட்டிக்கு ஒரு நாள் முழுக்க 100, 120 கிராம் கறி போதும். பக்கத்துல தண்ணிச் சட்டி. மதினிகிட்ட வாங்குன குட்டி வந்த அன்னைக்கு 380 கிராம். வெங்காயம் நிறுக்கிற தராசுலதான் வச்சேன். நேத்து 900.

கண்ணு திறக்காத குட்டின்னா கதை வேற. அதுக்குக் கறி ஆகாது, பூனைக்குட்டிக்குன்னே பால்பவுடர் விக்கிறாங்க, அதை வாங்குங்க. ராத்திரியில கடை இல்லைன்னா பாலோட முட்டை மஞ்சக்கருவை அடிச்சு வெதுவெதுப்பா ஒரு நாள் சமாளிக்கலாம், அதுக்கு மேல நீட்டாதீங்க. ஊட்டுறதுக்கு முன்னாடி குட்டி சூடா இருக்கான்னு பாருங்க. சில்லிட்டுப் போன குட்டிக்கு எதை ஊத்தினாலும் செரிக்காது, முதல்ல துணியில சுத்தி மடியில வைங்க. மனுசக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டினா நுரையீரலுக்குப் போயிடும். தாய்கிட்ட குடிக்கிற மாதிரி குப்புற வச்சுத்தான் ஊட்டணும். ஊட்டி முடிச்சதும் ஈரத்துணியால அடியில தடவி விட்டாத்தான் ஒண்ணுக்குப் போகும். தாய் நக்கி விடுறது அதுக்குத்தான். காய்ச்சல்னு நினைச்சு நம்ம பாரசிட்டமாலைக் கால் மாத்திரை குடுத்துறாதீங்க. பூனைக்கு அது எமன்.

இப்ப பாக்கெட் கட்சிக்காரங்க சிரிப்பாங்க. "பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டினா வேலை முடிஞ்சுது, இதுக்கு அம்மி, முட்டை ஓடெல்லாம் எதுக்கு?" டவுன்ல ஒரு கடைக்காரர் என்கிட்டயே சொன்னார்: "அண்ணே, வீட்டுச் சாப்பாடு போட்டீங்கன்னா பூனை செத்துரும். கம்பெனி தீனிதான் சயின்ஸ்." அந்த சயின்ஸ் கதையை நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன். டாரின்னு ஒரு சத்து. நாய் உடம்பு அதைத் தானாச் செஞ்சுக்கும். பூனைக்குத் தேவையான அளவு செய்யத் தெரியாது, கறியில இருந்துதான் வரணும், முக்கியமா இருதயத்துல. அது குறைஞ்சா கண்ணு போகும், இதயம் பலூன் மாதிரி விரிஞ்சு நின்னுபோகும். இந்த இதய விசயத்தைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் கல்லூரியில பால் பயான்னு ஒரு கால்நடை டாக்டர். 1987-ல. எப்படிக் கண்டுபிடிச்சார்? பேர் பெத்த கம்பெனி தீனியைத் தின்ன பூனைகளே இதய நோவுல வந்து விழுந்துச்சு. ரத்தத்தைச் சோதிச்சா டாரின் இல்லை. குடுத்ததும் தேறி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க டாரினைக் கூட்டினாங்க. அப்படின்னா 1987 வரைக்கும் அந்த சயின்ஸ் எங்க போயிருந்துச்சு?

அதுக்காகப் பாக்கெட் எல்லாம் விஷம்னு சொல்ற கூட்டத்துல நான் இல்லை. தப்பைத் திருத்திக்கிட்டாங்க, இன்னைக்கு நல்ல பாக்கெட்ல குட்டிக்கு வேண்டிய எல்லாம் அளந்து போட்டிருக்கு. மாடி வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சு, ஒரு பல்லி கூடப் பிடிக்க வழியில்லாம வளர்க்கிறவங்க நான் சொன்ன சட்டியை மட்டும் மாசக்கணக்கா நம்பக் கூடாது. அதுல விட்டுப்போற சத்தும் உண்டு. குட்டித் தீனி பாக்கெட்டையும் கலந்து போடுங்க, இல்லை டாக்டரைக் கேட்டு டாரின், வைட்டமின் சேருங்க. எனக்கு எரிச்சல் எங்கன்னா, ஒரு கிலோ பாக்கெட் விலையைக் கேட்டு மலைச்சு நிக்கிற ஏழைச் சனத்துகிட்ட "வீட்டுச் சாப்பாடு போட்டா செத்துரும்"னு சொல்லி அனுப்புறது. அவங்க பாக்கெட்டும் வாங்க மாட்டாங்க, கறியும் போட மாட்டாங்க. திரும்பப் போயி பாலைத்தான் ஊத்துவாங்க.

இன்னொரு தரப்பு இருக்கு, அவங்க மனசு நோகாமச் சொல்லணும். "எங்க வீட்டுல கவுச்சி கிடையாது, பூனையும் தயிர்சோறுதான்." உங்க வீட்டு வழக்கம் உங்களுக்கு, அதுல எனக்கு என்ன வேலை? ஆனா பூனை உடம்புக்கு அந்த வழக்கம் தெரியாது. கேரட்டுல இருந்து வைட்டமின் ஏ செஞ்சுக்க நமக்குத் தெரியும், பூனைக்குத் தெரியாது. டாரினும் பருப்புல இல்லை. கவுச்சி ஆகாதுன்னா முட்டையாவது முடியுமா? முடியாதுன்னா பாக்கெட் இருக்கு. அதுவும் முடியாதுன்னா முயல் வளருங்க, கிளி வேண்டாம் சட்டம் இருக்கு. பூனையை மட்டும் வேண்டாம். உங்க வீட்டுப் பூனை தயிர்சோறு தின்னு பத்து வருசம் இருந்துச்சுன்னா, அது ராத்திரி எங்க போயிட்டு வந்துச்சுன்னு பக்கத்து வீட்டுக் கூரையைக் கேளுங்க.

கடைசியா ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "மனுசனே கறி எடுக்க யோசிக்கிறான், பூனைக்கு இருதயமும் ஈரலுமா?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு டம்ளர் பால் சொசைட்டியில ஊத்தினா உங்களுக்குக் காசு. அதைப் பூனைக்கு ஊத்திக் குட்டியையும் சாகடிக்கிறீங்க. அந்தக் காசை முட்டைக்குப் போடலாம். ஞாயித்துக்கிழமை கறி எடுக்கிற வீட்டுல கொழம்பு கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி துண்டைத் தனியா எடுத்து வெறும் தண்ணியில வேக வச்சா ஒரு நாளைக்கு ஆச்சு. கடையில இருதயத்தை ஓரமா ஒதுக்கி வச்சிருப்பாங்க, பழகுன கடைன்னா எடுத்துக்கச் சொல்லுவாங்க. இந்தப் பாடு மூணு நாலு மாசம்தான். அதுக்கப்புறம் அது பாதி, நீங்க பாதி. ஒரு மூட்டை சோளம் மிச்சமானா இந்தச் செலவு திரும்பி வந்துரும்.

முடியாதவங்க குட்டியைச் சிமெண்ட் சாக்குல கட்டிக் கொண்டுவந்து எங்க கெணத்து மேட்டுல போடாம இருந்தாப் போதும். போன வருசம் மட்டும் ரெண்டு சாக்கு எடுத்தேன். வளர்த்த பிராணியைக் கைவிடுறது 1960-ம் வருசத்து மிருகவதைச் சட்டப்படி குத்தம், முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும். 1960-ல அது பணம். இன்னைக்கு அந்த ரூபாய்க்கு நாலு டீ கூட வராது, யார் பயப்படப் போறாங்க? அதனால சட்டத்தைச் சொல்லி மிரட்டலை. பெட்டைப் பூனை அஞ்சாவது மாசத்துலயே சினைக்கு வந்துரும், ரெண்டே மாசத்துல நாலு குட்டி கையில இருக்கும். அஞ்சு மாசம் ஆகுறதுக்குள்ள டாக்டர்கிட்ட கொண்டுபோயி ஆபரேஷன் பண்ணிட்டு வந்துருங்க. தூக்கிட்டுப் போக வசதி இல்லைன்னா சந்தை நாள்ல என் டி.வி.எஸ்.ல கூடையில வச்சு நானே கொண்டு போறேன், குட்டியானைக்குச் சொல்லாதீங்க.